பலகையில் எழுதிய பெயர்

விழுப்புரம்,
6.10.2024

அன்பு நண்பன் ஞானராஜுக்கு,

சக்கரபாணி எழுதுவது. இங்கே நானும் விசாலாட்சியும் நலம். நீயும் இன்னாசியம்மாளும் நலமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் உன்னோடு பேசினால் தெருவே கூடிவிடுகிறது. பதினைந்து வருஷம் லாட்டரிக் கடை மைக்கோடு குடித்தனம் நடத்திக் காதைத் தொலைத்தவனுக்குத் தபால்தான் சரி என்று விசாலாட்சி சொல்லிவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் பேரில் நிதித்துறைக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். லாட்டரியை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்கிறேன். 2003-இல் மூடினார்கள். மூடியதால் ஜனம் திருந்திவிட்டதா? திருட்டுத்தனமாக மூன்று நம்பர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பணம் யார் யார் பாக்கெட்டுக்கோ போகிறது. கேரளத்தில் அரசே விற்கிறது. இங்கும் விற்றால் அந்த வருமானத்தில் வட்டத்துக்கு ஒரு டயாலிசிஸ் மையம் திறக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் கருவூலத்தில் அடுத்தவன் பில்லைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என் யோசனை என்று ஒன்றாவது கோட்டைக்குப் போக வேண்டாமா?

மனுவோடு ஒரு பழைய கடைக்காரரின் வாக்குமூலம் இருந்தால் எடுபடும். நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அரைப் பக்கம்தான். கடைசி வரி, ‘என் கடையால் எந்தக் குடும்பமும் கெட்டதில்லை.’ அதன் கீழே கையெழுத்துப் போட்டு மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
சக்கரபாணி


மரியே வாழ்க

திண்டிவனம்,
14.10.2024

அன்புள்ள சக்கரபாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் எழுத்து இன்னும் அச்சுக் கோத்த மாதிரிதான் இருக்கிறது. பார்த்ததும் சந்தோஷம் வந்தது. ஆனால் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அதன் கீழே என் கை போகமாட்டேன் என்கிறது.

முத்துசாமியை மறந்துவிட்டாயா? மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கியவன். அந்த வருஷம் நம் வியாபாரம் படுத்துவிட்டது. பரிசு விழுந்தவர் பெயரைக் கடை முன்னால் பலகையில் எழுதி வைப்பது வழக்கம். விழாத நாளில் ஏதோ வெளியூர்ப் பெயராக எழுதுவோம். அதை எவனும் நம்பவில்லை. ஊருக்குத் தெரிந்த ஆள் பெயரை எழுதலாம் என்று நான் சொன்னேன். ஆபீஸ் விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்த நீ சாக்பீஸை எடுத்தாய். ஒரு டீயும் ஒரு கட்டு பீடியும் வாங்கிக் கொடுத்து, “ஒம் பேர எழுதிக்கறோம்யா” என்றேன். “எழுதிக்கங்க, பேரு என்னா தேஞ்சா போயிடும்” என்று சிரித்தான். முத்துசாமி, திண்டிவனம், ஒரு லட்சம் என்று எழுதினாய். மறுநாள் சீட்டு பறந்தது.

ஒரு வாரம் கழித்து அவன் பெண்சாதி கெங்கம்மாள் வந்தாள். “வூட்ல ஒத்த ரூபா காட்டலங்க. கேட்டா, சும்மானாச்சும் எழுதிக்கினாங்கன்றாரு. நெசமா வுழுந்துச்சாங்க?” என்று கேட்டாள். கடையில் கூட்டம். விழுந்தது, கையில்தான் கொடுத்தோம் என்று நான் சொன்னேன். நீ நம்பரையும் படித்துக் காட்டினாய். கடன் கொடுத்தவன், சொந்தக்காரன் எல்லாரும் அவனைப் பிய்த்தார்கள். நாலாம் மாதம் ரயில் பாதையில் கிடந்தான்.

கெங்கம்மாள் இப்போது பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை விற்கிறாள். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அதே கேள்விதான். “அந்தப் பணத்த எவ கைல குடுத்தாருன்னு தெரிஞ்சா சொல்லுங்கண்ணா.” நான் பஸ் வந்துவிட்டது போல நகர்ந்துவிடுவேன். நம் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருக்கிறது. அதன் கண்ணாடியில் எனக்குப் பின்னால் சாக்குத் துணி போட்ட தோள் ஒன்று தெரிகிறது. திரும்பினால் யாருமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, சக்கரபாணி.

அந்த ஒரு வரியை எடுத்துவிடு. மீதிக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன்,
ஞானராஜ்


விழுப்புரம்,
21.10.2024

அன்புள்ள ஞானராஜுக்கு,

அந்த வரியை எடுத்தால் வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது? உப்பில்லாத பண்டம். அதிகாரிகள் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்.

முத்துசாமியை நான் மறக்கவில்லை. அவன் சம்மதித்துத்தான் எழுதினோம். ஏற்கெனவே குடிகாரன், கடன்காரன். நாம் இல்லாவிட்டாலும் அவன் கதை அப்படித்தான் முடிந்திருக்கும். அரசு லாட்டரியில் பலகையும் இருக்காது, சாக்பீஸும் இருக்காது. கெஜட்டில் முடிவு வரும். நாம் செய்தது போல யாரும் செய்யக் கூடாது என்றுதானே மனுவே போடுகிறேன்?

கண்ணாடியில் தோள் தெரிகிறது என்றால் கண் டாக்டரைப் பார். ஒன்று மட்டும் சொல்கிறேன். கெங்கம்மாளிடம் போய் எதையும் உளறி வைக்காதே. செத்தவன் வரப்போவதில்லை. நான் பென்ஷன் வாங்குகிறவன். இந்த வயசில் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார என்னால் முடியாது.

கையெழுத்தை எதிர்பார்க்கும்,
சக்கரபாணி


மரியே வாழ்க

திண்டிவனம்,
4.11.2024

அன்புள்ள சக்கரபாணிக்கு,

நேற்று முன்தினம் கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சுவரோரம் யார் கல்லறையும் இல்லாத இடத்தில் மூன்றாவதாக ஒன்று ஏற்றுவேன். அது யாருக்கு என்று இந்தத் தடவை இன்னாசியம்மாள் கேட்டாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. “ஏங்க, இத எங்கிட்ட சொல்லி என்னா பண்றது? சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க” என்றாள்.

நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கெங்கம்மாளிடம் சொல்லிவிட்டேன். பரிசு விழவில்லை, நாங்கள்தான் எழுதினோம், உன்னிடமும் பொய் சொன்னோம் என்றேன். படியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “அப்ப அவரு சொன்னதுதான் நெசமாண்ணா? ஒரு அமாவாசைக்குக்கூட நான் படைக்கலியே” என்றாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். என்னை நாலு அடி அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

காணையில் இருக்கும் அவள் நாத்தனார், பணத்தை இவள்தான் அமுக்கிவிட்டாள் என்று இன்றுவரை பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லையாம். அவளிடம் காட்டுவதற்கு, பலகையில் எழுதியவர் கையாலேயே ஒரு கடுதாசி வேண்டும் என்று கெங்கம்மாள் கேட்கிறாள். உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். கோபப்படாதே. அவள் கேட்பதை எழுதிக் கொடு.

உன் தாளைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

ஞானராஜ்


விழுப்புரம்,
2.12.2024

ஞானராஜுக்கு,

மனுவை அனுப்பிவிட்டேன். வானூரில் ஒரு பழைய கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். மனு கிடைத்ததாகப் பதில்கூட வந்துவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கெங்கம்மாள் வந்தாள். நான் வீட்டில் இல்லை என்று விசாலாட்சியைச் சொல்லச் சொன்னேன். உள் அறையில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். “பரவால்லங்க, எத்தினி நேரம் ஆனாலும் இருக்கறேன்” என்று மதியம்வரை கேட் ஓரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அதோடு விட்டாளா? அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வருகிறாள். எதிரே மின்கம்பத்துக்குப் பக்கத்தில் தலையில் சாக்குத் துணி போட்டுக்கொண்டு நிற்கிறாள். கூப்பிடுவதில்லை, எதுவும் கேட்பதில்லை. என் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விசாலாட்சியிடம் காட்டினால், அங்கே யாருமே இல்லை என்கிறாள். அவளுக்குக் கண்ணில் புரை. பேப்பர் வாங்கக்கூட நான் வெளியே போவதில்லை.

நீதானே விலாசம் கொடுத்தாய். இனி வர வேண்டாம் என்று நீயே அவளிடம் சொல். நாற்பது வருஷ சிநேகத்துக்காகக் கேட்கிறேன்.

சக்கரபாணி


மரியே வாழ்க

திண்டிவனம்,
9.12.2024

அன்புள்ள சக்கரபாணிக்கு,

உன் வீட்டுக்குக் கெங்கம்மாள் வந்தது அந்த ஒரு நாள்தான். அன்று சாயங்காலமே வெறுங்கையோடு என்னிடம் வந்தாள். என் கோணல் எழுத்திலேயே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் நானே காணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாத்தனார் முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கோலை ஊன்றி எழுந்து போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் கெங்கம்மாள் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து கெங்கம்மாள் அங்கேதான் இருக்கிறாள். நாத்தனாருக்குக் கால் முறிந்திருப்பதால் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள். வாசலைத் தாண்டக்கூட நேரமில்லை என்று போன ஞாயிறு நான் பார்க்கப் போனபோது சொன்னாள். உன்னிடம் அவளுக்கு இனி ஒரு வேலையும் இல்லை.

ஆகையால் செவ்வாய்க்கிழமைகளில் உன் வீட்டெதிரே நிற்பது கெங்கம்மாள் இல்லை. அவரைப் போகச் சொல்ல என்னால் ஆகாது. கேட்டைத் திறந்துகொண்டு போய், யார், என்ன வேண்டும் என்று நீயே கேள். கேட்ட பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

ஞானராஜ்