வேன்காரன் தெளிந்து வருகிறான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், உன் இடுப்பு வலி எப்படி? உன் பிள்ளைகளில் பெரியவன் வங்கி வேலையில் சேர்ந்ததையும், சின்னவள் பொய்க்காலோடு மேடையேறிப் பரிசு வாங்கியதையும் இங்கே சொல்லாத ஆளில்லை.

பதறாதே, ஒரு சேதி. குடித்துவிட்டு ஓட்டி அவள் காலை நசுக்கினானே வேன்காரன், நான் சமைக்கிற இந்தக் குடி நிறுத்தும் இல்லத்துக்கே வந்திருக்கிறான். கை நடுங்கியவனுக்கு நான்தான் சோறு ஊட்டினேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நேற்று ஓடப் பார்த்தான், வாசலை மறித்தேன்.

"விடுங்கம்மா, குடிச்சாத்தான் அந்தப் புள்ள கத்துனது காதுல விழாது."

"அதுக்குத்தாண்டா விடமாட்டேன். நல்லாக் கேளு."

முழுசாகத் தெளியட்டும், நான் யாரென்று சொல்கிறேன்.

தைலம் அனுப்பு, முதுகில் தேய்த்துவிடத்தான் ஆளில்லை. சின்னவள் நிமிர்ந்து நிற்கிற புதுப் படம் ஒன்றும் தபாலில் போடு. அவன் கட்டிலுக்கு எதிரே ஒட்ட வேண்டும்.