வாருக்குள் மடித்துத் தைத்த பொன்னெழுத்து

ஸ்டூடியோக்காரா,

பசை இளக விட்ட தின்னர் ஊறி உன் கேமராவின் பழைய தோல் ஓரம் தூக்கியதும் ஒரு வாசனை வந்தது. அந்தக் காலத்து ரப்பர் சொல்யூஷன், உன் வியர்வை, நீ தலைக்குத் தடவுகிற எண்ணெய் எல்லாம் கலந்த வாசனை. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாசனை மட்டும் கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் மகள். சண்டே கிளாஸில் தமிழ் கற்றுக்கொண்டவள். "எதையும் மாத்தாம எழுதும்மா, உங்கப்பனைத் திட்டினாலும் எழுது" என்று சொல்லித்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

அடுகோடிக் கடையில் இப்போது ஆட்டோ சீட் வேலை குறைவு. பழைய ஃபிலிம் கேமராவை எங்கிருந்தோ தேடி வாங்கி, கறுப்புத் தோலை உரித்துவிட்டுப் பச்சை, சிவப்பு என்று புதுத் தோல் போட்டுக்கொள்கிறது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஆசை. போன வாரம் பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு பெண் வந்து பாம்புத்தோல் டிசைன் வேண்டும் என்றாள். செருப்புக்கு மேல்தோல் வெட்டுகிற மாதிரிதான். முதலில் காகிதத்தில் அளவு, பிறகு லென்ஸுக்கு வட்டம், திருகுக்கு ஓட்டை. கை இன்னும் நடுங்கவில்லை. அப்படித்தான் உன் மகளும் வந்தாள். உன் கேமராவைத் தூக்கி வைத்து, "அங்கிள், மஞ்சள் போட்டுக் குடுங்க. நான் இதுல படம் எடுக்கப் போறேன்" என்றாள்.

அதற்குக் கடைசியாகத் தோல் போட்டவனும் நான்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாள் எனக்கு நேற்று மாதிரி.

நடைபாதையில் செருப்புத் தைத்ததை விட்டு, வாடகைக்குக் கடை எடுத்த புதுசு. நீ துணிப்பையோடு வந்தாய். கேமராவின் தோல் வேர்வையில் சுருண்டு தொங்கியது. அதே பைக்குள் பெரிய கருந்தோல் ஒன்று, முதுகுப்பக்கம் கிழிந்தது. "ரெண்டையும் நாளைக்குள்ள பாரு மச்சான், கல்யாண ஆர்டர் இருக்கு" என்றாய். எப்படிடா செய்வது என்று கேட்டேன். "உனக்குத் தெரியாததா, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு ஓடிவிட்டாய். கேமராவுக்குப் போடத்தான் தோல் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்?

அருமையான தோல். கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. நடுவில் பொன் நிறத்தில் எழுத்து அழுத்தியிருந்தது. பெட்டியில், ஷூவில் எல்லாம் கம்பெனிப் பெயர் இருக்குமே, அதுதான் என்று எண்ணிக்கொண்டேன். அடுத்தவன் கம்பெனிப் பெயர் உன் கேமராவில் எதற்கு? எழுத்து வராமல் ஓரங்களை வெட்டி உடம்புக்குப் போட்டேன். மீந்த துண்டையும் வீணாக்கவில்லை. எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து, தோளில் அழுந்தாமல் இருக்கக் கேமரா வாரில் மெத்தையாகத் தைத்தேன். அந்தத் தையலைப் பற்றி எனக்குள் எவ்வளவு பெருமை!

மறுநாள் நீ வந்தாய். கக்கத்தில் நியூஸ்பேப்பர் சுற்றிய பொட்டலம். கேமராவைக் கையில் எடுத்தாய். முகம் சிரித்தது.

"எப்படிடா?" என்றேன்.

"நல்லாயிருக்கு மச்சான்."

"வேற ஒண்ணும் இல்லியா? சாயந்தரம் வரைக்கும் குனிஞ்சே உக்காந்து தெச்சிருக்கேன்."

"ரொம்ப நல்லாயிருக்கு."

"அது என்ன பொட்டலம்?"

"பழைய பேப்பர்டா" என்று அதைப் பைக்குள் போட்டாய். டீ சொன்னேன், வேண்டாம் என்றாய். டீ வேண்டாம் என்று நீ சொன்ன ஒரே நாள் அது.

கல்யாண வீட்டில் நீ சொல்வாயே, "மூஞ்சி பொய் சொல்லும்டா, கை சொல்லாது, முதல்ல கையைப் பாரு" என்று. அன்று உன் கை அந்தத் தோல் மேல் எதையோ தேடுகிற மாதிரி தடவிக்கொண்டே இருந்தது. பார்த்தேன். இப்போதும் கண்ணில் நிற்கிறது. புரிந்துகொள்ளத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

போன வாரம் உன் மகள் எதிரில்தான் வார் மெத்தையின் தையலைப் பிரித்தேன். வெளிப்பக்கம் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. உள்ளே வெயிலே படாத பொன்னெழுத்து, நேற்று அழுத்தின மாதிரி மின்னியது. அவள் எழுத்துக் கூட்டாமல் படித்தாள். "பரிசுத்த வேதாகமம்." அதன் கீழே உன் அப்பா பெயர்.

அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அங்கிள், இது தாத்தாவோட பைபிள் அட்டை. இதுக்காகத்தான் அத்தை அப்பாகிட்ட பேசறதையே விட்டாங்க" என்றாள்.

உன் அக்காவுக்கும் உனக்கும் பேச்சில்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் கேட்டபோதெல்லாம் "வீட்டு விஷயம், விடு" என்றாய். இப்போதுதான் உன் மகள் சொல்கிறாள். உன் அப்பா சாகும்போது அந்தப் பைபிளை உன்னிடம் கொடுத்தாராம். சர்ச்சுக்கே போகாத உனக்கா என்று அக்காவுக்கு வருத்தமாம். அட்டை எங்கே என்று கேட்டபோது, பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொன்னாயாம். "தொலைக்கல, வித்துட்டே" என்று சொல்லி, அட்டையில்லாத புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் பிறகு உன் வீட்டுப் படி ஏறவில்லை. உன் சாவுக்கும் வாசல் கேட்டோடு நின்றுவிட்டார். நான் பார்த்தேன், குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பொட்டலம் பழைய பேப்பர் இல்லை. அட்டையோடு சேர்த்துத் தைக்க நீ கொண்டுவந்த புத்தகம்.

அந்த மாதம்தான் சர்ச் கமிட்டியில் இருந்த உன் அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லி, சர்ச்சில் முட்டி போடுகிற குஷன் தைக்கிற வேலை முழுக்க எனக்கு வாங்கிக் கொடுத்திருந்தாய். அந்த வேலையில்தான் என் கடை நிலைத்தது. அப்பாவின் பைபிளை வெட்டினவன் இவன் என்று தெரிந்தால் அந்த வீட்டில் என்னை என்ன சொல்லியிருப்பார்கள், செருப்புத் தைக்கிற என் ஆட்களை என்ன சொல்லியிருப்பார்கள் என்பதும் உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்தில் யோசித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றிருக்கிறாய்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே ஸ்டூலில் உன்னை உட்காரவைத்து நான் உனக்குப் புத்தி சொன்னேனே? "தப்பு பண்ணவன்தான்டா போகணும், போய் அக்கா கால்ல விழு" என்று எத்தனை தடவை சொன்னேன்? நீ தலையைக் குனிந்து டீயை ஊதிக் குடித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? என் பிழைப்பைக் காப்பாற்றினாய், சரி. என்னைத் தாங்க மாட்டாதவன் என்று முடிவு கட்ட உன்னை யார் கேட்டது? நான் போய் நின்று வசை வாங்கியிருப்பேனே. உனக்கு அக்கா மிஞ்சியிருப்பார். உன் மேல் கோபம் வருகிறது, கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் மகளோடு ரிச்சர்ட்ஸ் டவுனில் உன் அக்கா வீட்டுக்குப் போனேன். உன் அக்கா சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். தோல் துண்டுகளை மேஜையில் வைத்தேன். பொன்னெழுத்துத் துண்டை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"படிக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியாதும்மா."

"இன்னி வரைக்குமா?"

"இன்னி வரைக்கும்."

"அவன் ஏன் சொல்லல?"

"குஷன் வேலை போயிடும்னு."

பீன்ஸைத் தள்ளி வைத்தார். "அந்த குஷன் இன்னும் கிழியல. ஒவ்வொரு வாரமும் அது மேல முட்டி போட்டுத்தான் அவனை மன்னிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். அழவில்லை. உள்ளே போய்த் துணி சுற்றிய புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

"இதையெல்லாம் திரும்ப இதுல ஒட்டு."

"ஒட்டலாம்மா. லென்ஸ் வட்டம், திருகு ஓட்டை எல்லாம் தெரியும்."

"தெரியட்டும்."

உன் மகளுக்கு மனசு வரவில்லை. "அத்தை, அது அப்பா விரல் பட்டுத் தேஞ்ச இடம். கேமராவோடயே இருக்கட்டுமே."

"அவன் விரல் எங்க வீட்டு பைபிள்ல இருந்தா உனக்கு என்னடி நஷ்டம்?" என்றார் உன் அக்கா. உன் மகள் துண்டுகளைப் பொறுக்கி என் பையில் போட்டாள். என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசல் வரை வந்து, "நூல் கறுப்பா போடு" என்று மட்டும் சொன்னார்.

போட்டேன். கீழே அட்டை வைத்து, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, ஓரம் சேர்த்துத் தைத்திருக்கிறேன். உன் கட்டைவிரல் தேய்த்த இடம் பின்னட்டையில், புத்தகத்தைத் தூக்கினால் கை படுகிற இடத்தில் வந்திருக்கிறது. நான் வேண்டுமென்று வைக்கவில்லை, அளவு அப்படி.

கேமராவுக்கு மஞ்சளே போட்டேன். நீ பார்த்திருந்தால் "என்னடா, மீட்டர் எங்க?" என்று கேட்டிருப்பாய். ஆட்டோ மாதிரிதான் இருக்கிறது.

இன்று காலை உன் மகள் வந்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு அங்கிள்."

அந்த வார்த்தையை இப்போது நான் நம்புவதில்லை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் இடது ஓரத்தில் போய்ப் போய் நின்றது.

"நெஜமா சொல்லும்மா."

கொஞ்சம் தயங்கினாள். "இந்தப் பக்கம் லேசா தூக்கியிருக்கு அங்கிள். ஃபிலிம் மாத்தறப்போ விரல்ல தட்டும்."

வாங்கிப் பார்த்தேன். தூக்கித்தான் இருந்தது. "ஒக்காரு, பத்து நிமிஷம்" என்று சொல்லி ஓரத்தை உரித்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிடித்துக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன், அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவுதான்டா வேலை. அன்றைக்கு இவ்வளவு சொல்லியிருந்தால் போதும்.