எட்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

மார்ச் 4
அன்புள்ள அக்கா,
நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறை சின்னது, ஜன்னல் பெரியது. புது ஆய்வகத்தில் எல்லோரும் என் தகட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பீங்கான் இழையால் நெய்த தகடு ஆயிரத்து இருநூறு டிகிரி சூட்டில், எடை தொங்கியபடியே, பத்தாயிரம் மணி நேரம் தாங்கினால் விமான என்ஜினுக்குள் வைப்பார்களாம். இப்போதுதான் பாதி தாண்டியிருக்கிறது. அங்கே உன் உலைக்குப் பக்கத்து உலையில்தானே இருக்கிறது, என்னுடையதையும் பார்த்துக்கொள்.
உன் வாண்டு

மே 20
அன்பு வாண்டுக்கு,
உன் தகடு ஏழாயிரத்தை நெருங்குகிறது. என்னுடையது போன மாதமே முறிந்துவிட்டது. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிஸ்கட்டை ஒடித்த மாதிரி உடைந்திருந்தது. விரிசல் வழியே காற்றுப் புகுந்து, இழையெல்லாம் சுற்றியிருந்த பீங்கானோடு ஒட்டிப்போயிருக்கிறது. அப்பா போனில், "சின்னவளோடது இன்னும் நிக்குதாமே?" என்று கேட்டார். இரண்டு உலைக்கும் அலையாய் அலைந்து அனுமதி வாங்கியவள் நான். வயிறு எரிகிறது என்று எழுதினால் சிரிப்பாய்.
அக்கா

ஜூலை 14
வாண்டு,
சனிக்கிழமை 8,112 மணியில் உன் தகடு உடைந்தது. தானாக உடைந்தது என்று அறிக்கை எழுதினேன். அது பொய். அன்று காலை மேலாளர் வந்து, "தங்கச்சி தகட்டை நல்லா பாத்துக்குங்க" என்றார். பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், எப்படி இருக்கிறீர்கள் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் போனதும் உன் தகட்டில் தொங்கிய எடைத்தட்டில் இன்னும் இரண்டு எடைக்கல்லை வைத்தேன். இருபது நிமிஷம் தாங்கியது.
உடைந்த இடத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இழைகள் என்னுடையதைப் போலப் பீங்கானோடு ஒட்டாமல், நீளநீளமாக உருவிக்கொண்டு நின்றன. இன்னும் எவ்வளவோ நாள் தாங்கியிருக்கும். அதைப் பார்த்தபோதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். அழுகை பிறகுதான் வந்தது.
இன்று மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். உனக்கு நானே எழுத வேண்டும் என்று தோன்றியது.
அக்கா

ஜூலை 29
அக்கா,
அந்த உலையின் பதிவு இங்கேயும் வரும்; எடை ஏறியது அன்றே கணினியில் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் உன் கடிதத்துக்குக் காத்திருந்தேன். வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.
உன் தகடு என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூட நான் கேட்காதது என் தப்புதான். மனசார ஒத்துக்கொள்கிறேன்.
அப்பாவிடம், அது தானாக உடைந்தது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.
புதுத் தகட்டை நேற்று இங்குள்ள உலையிலேயே ஏற்றிவிட்டேன். முதல் மணியிலிருந்து மறுபடி. நானே பார்த்துக்கொள்கிறேன்.
கொஞ்ச நாளைக்கு எழுதாதே. என்னால் முடிகிறபோது நானே எழுதுகிறேன்.
தங்கை