நடுவழியில் நின்ற வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

குட்டிக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது. இப்போதுதான் தூங்கினான். அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால், "குட்டி என்ன பண்றான்?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்.

கீழ்வீட்டு அக்கா சொல்லிவிட்டார். நேற்று மட்டும் பத்துத் தடவை மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதாம். அவர்மேல் கோபப்படாதீர்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கி வந்தீர்களாமே. நீங்கள் பஸ் ஓட்டிய முப்பது வருஷமும் ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டியில் இருந்த அதே மாத்திரைதானே? "டிரைவர்னா வயித்துக்கும் பிரேக் வேணும்" என்பீர்கள்.

இந்தத் தடவை பிரேக் போடக் கூடாதாம் அப்பா. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நர்ஸிடம் கேட்டேன். போன வாரம் உங்கள் ஆபரேஷன் புண் பழுக்காமலிருக்க முன்கூட்டியே கொடுத்த மருந்து, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுமாம். அந்த இடத்தில் பொல்லாத கிருமி குடியேறியிருக்கலாமாம். அதை உள்ளே அடைத்து வைத்தால் உயிருக்கே ஆபத்து, உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

என் கடைசி வருஷப் பரீட்சை நாள் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பஸ்ஸில்தான் போனேன். பாதி வழியில் வயிற்றைக் கலக்கியது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தீர்கள். பெட்ரோல் பங்க் வாசலில் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, நன்றாக இருந்த இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டீர்கள். "என்னய்யா, டப்பா வண்டி ஓட்டுற!" என்று ஒருவர் கத்தினார். கண்டக்டர் மாமா, "இஞ்சினுக்கே மூச்சு வாங்குது, நீங்களும் இறங்கிக் கொஞ்சம் காத்து வாங்குங்க" என்றார். நான் திரும்பி வந்து உட்காரும்வரை நீங்கள் பானட்டை மூடவில்லை. அதற்காக உங்களுக்கு மெமோ கொடுத்தார்கள் என்பதே என் கல்யாணத்துக்குப் பிறகு மாமா சொல்லித்தான் தெரியும்.

இங்கே தன் மகள் வீட்டுக்கு வந்திருந்த அந்த மாமா, நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்புகிறார். இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாசலில் வாடகைக் காருடன் நிற்பார். அந்த மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எத்தனை தடவை என்று எனக்குச் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் மட்டும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இந்தத் தடவை உங்களுக்காக வண்டியை நிறுத்துங்கள் அப்பா. நீங்கள் திரும்பி வந்து உங்கள் சீட்டில் உட்காரும்வரை, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் நிற்கிறோம்.

இன்னும் உங்கள் கண்ணாடியைப் பார்த்தபடி,
பாப்பா