டஜனுக்கு மேல் ஒரு தட்டு

ஜூன் 3, செவ்வாய்

எனக்கும் ராஜீவுக்கும் நிச்சயதார்த்தம், இன்னும் ஐந்தே நாள். ராஜீவின் அப்பா சாம்பசிவம் மாமா போன் செய்தார். “சீர்த்தட்டு ஒரு டஜன் கொண்டு வர்றோம்.”

அம்மா முகம் செத்துவிட்டது. பன்னிரண்டு! எங்கள் வீட்டில் சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் வரும். “ஒண்ணு குறைச்சுக்குங்களேன்” என்று நயமாகத்தான் சொன்னாள்.

“டஜனை உடைச்சு லூஸா குடுக்கற பழக்கம் எனக்கில்லீங்க” என்றாராம். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் பல்பும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தவர்.

ஜூன் 4

“இரட்டைப்படையில வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்” என்கிறாள் அம்மா. செய்வாள். மாமாவும் இறங்கவில்லை. நிச்சயமே நின்றுபோகும்போல இருக்கிறது. ராஜீவைக் கூப்பிட்டால், “நக்கோ சுப்ரியா, வேணாம் விடு, எங்கப்பாவை மாத்த முடியாது” என்று சிரிக்கிறான். கழுதை! எனக்கு இவன்தான் வேணும். ஒரு தட்டுக்காகவா விடுவேன்?

கொண்டாப்பூர் ஆபீஸில் வேலையை ஓரங்கட்டிவிட்டு டஜன் என்ற வார்த்தையைத் தோண்டினேன். லத்தீனில் இரண்டும் பத்தும். அது பிரெஞ்சுக்குள் நுழைந்து, இங்கிலீஷுக்குத் தாவி, நம்மூர் வாழைப்பழ வண்டி வரை வந்திருக்கிறது. சரி, இதில் எனக்கென்ன லாபம்?

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. அடி சக்கை!

ஜூன் 5

நாளை மாமா வீட்டுக்குப் போகிறேன். அம்மாவுக்குச் சொன்னது – டெய்லர் கடை.

ஜூன் 6

“டஜன்னா என்ன மாமா?” பால் வடியும் முகத்தோடு கேட்டேன்.

“பன்னெண்டும்மா. ரெண்டு, மூணு, நாலு, ஆறு – இதுல எத்தனை பேருக்குப் பிரிச்சாலும் மிச்சம் விழாது. அதான் அழகு.”

“அப்போ பேக்கர்ஸ் டஜன்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தெரிந்திருக்கிறது மனிதருக்கு!

“பதிமூணு” என்றார் கடைசியில். அந்தக்கால இங்கிலாந்தில் ரொட்டி எடை குறைந்தால் தண்டனையாம். அதற்குப் பயந்து ரொட்டிக்காரர்கள் டஜனுக்கு மேல் ஒன்று சேர்த்துப் போடுவார்களாம். அவரே விளக்கினார்.

“அதுவும் டஜன்தானே மாமா? உடையலையே?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஸ்டோர்ஸ்ல ஒரு பல்பு எக்ஸ்ட்ரா குடுத்ததில்லம்மா நான்.” எழுந்து உள்ளே போய்விட்டார்.

போச்சு, சுப்ரியா. வாய் சும்மா இருக்காதா உனக்கு? இருந்ததையும் கெடுத்துட்டியேடி – இப்ப அம்மாகிட்ட என்ன சொல்லுவே?

ஜூன் 8, ஞாயிறு

தட்டுகள் வந்தன. அம்மா உதட்டை அசைத்து எண்ணினாள். பதிமூன்று!

கடைசித் தட்டின் துணியை விலக்கினால் – ஓரத்தில் மஞ்சள், குங்குமம். மற்றபடி வெறும் தட்டு.

“டஜனுக்குச் சாமான் இருக்கு. அந்தத் தட்டு மட்டும் உங்க ஒற்றைப்படைக்கு” என்றார் மாமா.

அம்மா முறைத்தாள். அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு! எங்கள் பேட்டை மெட்டுகுடாவே திரும்பிப் பார்த்திருக்கும். அந்த வெறும் தட்டு நிறைய மைசூர்பாகு அடுக்கி மாமா கையிலேயே கொடுத்தாள்.

ஜூலை 2

மைசூர்பாகு போன தட்டு மாம்பழத்தோடு வந்தது. முறுக்கோடு போனது, லட்டோடு வந்தது. வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பது நான்தான். கல்யாணம் ஆவணியில். அதுவரை ராஜீவோடு ஊர் சுற்றக்கூடாது என்பது அம்மா உத்தரவு. தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

இன்று அதிரசம். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே ராஜீவ் வாசலுக்கு வந்துவிட்டான்.