பழனிக்குக் கிளம்பிய தலை

கண்மணி,

முதல் பஸ்ஸில் பழனிக்குப் போகிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல் இருக்கிறது. சட்னி அரைத்து வைத்துவிட்டேன், உப்பு மட்டும் பார்த்துக்கொள்.

"நான் டைபாய்டுல கெடந்தப்ப மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டு, இப்ப கண்ணாடி முன்னாலயே நிக்கிறீங்களே" என்று நேற்று நீ கேட்டாய். நான் கதவைப் படாரென்று சாத்தினேன். சாத்திவிட்டுத் திரும்பவும் கண்ணாடி முன்னால்தான் போய் நின்றேன்.

மூன்று மாதமாக என் முடி என்ன ரகம் என்று ஆராய்ச்சி செய்தேன். மெல்லிய முடிக்கு வாக்ஸ் ஆகாது என்று புரிவதற்குள் ஒரு டப்பா காலி. அதைத் தடவிக்கொண்டு பனியில் ஏரிப் பக்கம் போய், நனைந்த கோழி மாதிரித் திரும்பி வந்தேன். ஜெல்லோ காய்ந்ததும் பொடுகாக உதிர்ந்தது. கடைசியில் பழனியில் எல்லா ரகத்துக்கும் ஒரே சவரக்கத்திதான்!

பீரோவில் தலைக்குத் தடவுகிற நுரை, புது மூஸ் டப்பா ஒன்று இருக்கிறது. மெல்லிய முடியை அடர்த்தியாகக் காட்டுமாம். காய்ச்சலில் கொட்டி இப்போது முளைக்கிற உன் முடிக்கு ஒத்துப்போகும் என்று கடைக்கார அமானுல்லா பாயும் சொன்னார். நீ எடுத்துக்கொள்.

என் குரங்குக் குல்லாவைத் தேடி வை. மொட்டைத் தலைக்குக் குளிர் தாங்காது.

ராஜமுருகன்

பி.கு.: குல்லா வேண்டாம். சாயங்காலம் நீயும் முடியை மறைக்கிற அந்த ஸ்கார்ஃபைக் கட்டாமல் என்னோடு ஏரியைச் சுற்ற வா. சந்தனம் பூசிய என் மொட்டையை விட்டுவிட்டு உன் தலையை எவன் பார்க்கப் போகிறான்?