தூர் என்றாய், தூறு என்று எழுதினேன்

மாப்ளே,

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடந்த உண்ணிச்செடிகளை ஆள் விட்டு வெட்டினேன். வெட்டிய இலையின் பச்சை வாடை அடுப்படி வரை வந்தது. வெட்டியவர் அரிவாளைக் கழுவிக்கொண்டே, "தூறு பூராம் எடுத்தாச்சுங்கய்யா" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை.

உனக்குத் தூர் என்றால் ஏலம். ஒரே வேரிலிருந்து பத்து இருபது தண்டு கிளம்பி நிற்கும் ஏலச்செடியை நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? போடிமெட்டுக்குக் கீழே, ஜீப் ஏறாத சரிவில், நீயும் என் தங்கையும் கல் பொறுக்கி, மண் திருத்தி, ஒவ்வொரு தூராக ஊன்றினீர்கள். கல்யாணமான மூன்றாம் மாதமே அங்கே குடிசை போட்டுவிட்டீர்கள்.

எழுபதுகளின் நடுவில், பட்டா கேட்டு நீ போட்ட மனு விசாரணைக்கு வந்தது. நான் எழுத்தராக இருந்த அலுவலகத்திலேயே விசாரணை. மேலே ஏறிப் பார்த்திருக்க வேண்டிய அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர். நாற்காலியில் இருந்தபடியே, நிலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"பூராம் தூருதாங்கய்யா. கால் வைக்க எடமில்லாம அடஞ்சு நிக்குது" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு பெருமை.

அன்றைக்கு வாக்குமூலங்கள் குவிந்திருந்தன. அவசரத்தில் நான் 'தூறு' என்று எழுதிவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நீ. படிக்காமலே கைநாட்டு வைத்தாய். நிலம் முழுதும் தூறு மண்டிக் கிடப்பதாக மனுதாரரே ஒப்புக்கொள்வதால் சாகுபடி இல்லை, மனு தள்ளுபடி என்று உத்தரவு வந்தது.

உத்தரவைப் பார்த்ததும் அகராதியைப் புரட்டினேன். தூர்: வேர், செடியின் அடி. தூறு: புதர், செறிந்த குறுங்காடு. அடியிலிருந்து கிளைத்து மண்டுவதால் தூரிலிருந்துதான் தூறு பிறந்திருக்கும் என்று தோன்றியது. தூறு என்பதற்குப் பழிச்சொல் என்றும் ஒரு பொருள் போட்டிருந்தது. மூடிவைத்தேன். பிழை என்னுடையது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம்.

மறுநாள் நீ என் வீட்டு வாசலுக்கு வந்தாய்.

"மச்சான், நான் தூருன்னு சொன்னா ஏலந்தான? நீ என்னன்னு எழுதுன?"

"நீ சொன்னதத்தான் எழுதுனேன்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி மச்சான், சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

அரசாங்க ஆட்கள் வந்து குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். காய்த்து நின்ற ஏலத்தைப் பிடுங்கிச் சரிவில் எறிந்தார்கள். பிறகு நீ விடியுமுன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு, அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்குக் களை வெட்டப் போனாய். எண்பதுகளில் இருமி இருமியே செத்தும் போனாய். எனக்கு வேலை நிரந்தரமானது.

இன்று மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முறத்தில் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"தெரியும்ணே. வக்கீல் குமாஸ்தா வாசிச்சுக் காட்டுனப்பவே அவருக்கு வெளங்கிப்போச்சு. மேல எழுதிப் போடுங்கன்னு நாந்தான் அழுதேன். 'ஒங்கண்ணன் வேல போயிரும், அவனே சொல்லட்டும்'னு சொல்லிட்டுத்தான் ஒங்கிட்ட வந்தாரு."

அவள் அழவில்லை. என்னை உட்காரச் சொல்லவும் இல்லை.

ஒரு கெட்ட வார்த்தையாவது திட்டியிருக்கலாமே, மாப்ளே. எல்லாம் தெரிந்தே என் வாசலில் நின்று, நான் வாய் திறக்கக் காத்திருந்தாய். எதுவும் தெரியாமல்தான் நீ செத்தாய் என்று நம்பித்தான் இத்தனை வருடமாக எனக்குத் தூக்கம் வந்தது.